ஆறாவது ஓட்டை

மணிக்கூட்டின் கறுப்பு றப்பர் பட்டியில் எட்டு ஓட்டைகள் இருந்தன. சுபேசன் கட்டினால் மூன்றாவது ஓட்டை. யூலியட் கட்டினால் ஆறாவது. பாரிசில் இருந்து அதை வாங்கி அனுப்பிய மிரோஜனுக்கு மூன்றாவது ஓட்டையை மட்டும்தான் தெரியும்.

மிரோஜன் சுபேசனின் ஒரே தம்பி. அவர்களுடைய தகப்பன் நாற்பத்தெட்டாவது வயதில், நெடுந்தீவுக் கரையில் வள்ளத்தை இழுத்து ஏற்றிவிட்டு, களைக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மணலில் இருந்தவர். பிறகு எழும்பவில்லை. இந்த வருடம் சுபேசனுக்கு நாற்பத்தேழு முடிந்ததும் மிரோஜனுக்கு நித்திரை போய்விட்டது. அப்பாவின் நெஞ்சுதான் அண்ணைக்கும் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். கோயில் பெருநாளுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் மணிக்கூட்டைக் கொடுத்துவிட்டான். அது வந்து சேர்ந்த அன்று ஒரு மணித்தியாலம் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு விளக்கம் சொன்னான். மணிக்கூட்டின் முதுகில் மினுங்குகிற பச்சை வெளிச்சம் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தைப் பார்க்கும், துடிப்பை எண்ணும், துடிப்பு தாறுமாறாக இருந்தால் சில மணித்தியாலம் பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லும். அண்ணையின் போனுக்கும் சொல்லும், பாரிசில் இருக்கும் தன் போனுக்கும் சொல்லும்.

சுபேசன் அதைக் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனது ஒரே ஒரு நாள்தான். வலையை இழுக்கும்போது நூல் பட்டியின் கொளுவியில் மாட்டி, மணிக்கூடு கழன்று வள்ளத்தின் விளிம்பில் தொங்கியது. தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் செய்யாது, நீந்தலாம் என்று மிரோஜன் சொல்லியிருந்தான். அது நீந்தும், ஆனால் கடலுக்கு அடியில் போனால் ஆர் போய்த் தேடுகிறது என்று சுபேசன் யூலியட்டிடம் கேட்டான். அடுத்த நாளில் இருந்து அது அலுமாரிக்கு மேலே இருந்தது. நல்ல போனும் வீட்டில்தான். கடலுக்கு அவன் கொண்டுபோனது பழைய பொத்தான் போன்.

வீட்டில் டேட்டாவை அவர்கள் மத்தியானத்தில்தான் போடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் போட்டு, தம்பியோடு கதைத்து, செய்தி பார்த்து, பிறகு நிற்பாட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் மணிக்கூடு அதுவரை சேர்த்து வைத்தது எல்லாம் பாரிசுக்குப் போகும். மூன்றாம் நாள் மத்தியானம் மிரோஜன் போன் எடுத்தான். விடிய நாலு மணியில் இருந்து பத்தரை மணிவரை ஒன்றுமே இல்லை, வெறுமையாகக் கிடக்கிறது என்றான். குளிக்கக் கழற்றினேன் என்று சுபேசன் சொன்னான். ஆறரை மணித்தியாலம் என்ன குளிப்பு என்று தம்பி கேட்டான். பிறகு குரல் இறங்கியது.

"அப்பா இருந்த இடத்திலை அண்டைக்கு ஒருத்தரும் பாத்துக்கொண்டு நிக்கேல்லை அண்ணை. அதுக்குத்தான் வாங்கினனான்."

யூலியட் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் விடிய, சுபேசன் வெளிக்கிடும்போது, கையை நீட்டினாள்.

"தாங்கோ, நான் போட்டிருக்கிறன். தம்பிக்கு ஒரு நெஞ்சு அடிக்கிறது தெரிஞ்சால் காணும். ஆரின்ரை நெஞ்சு எண்டு அதுக்கு விளங்கப்போகுதே?"

சுபேசன் சிரித்தான். உம்முடைய நெஞ்சும் என்னுடைய நெஞ்சும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டு அவளுடைய இடது கையில் கட்டிவிட்டான். ஆறாவது ஓட்டைக்கு வந்தபிறகுதான் அது அவளுடைய மணிக்கட்டில் நின்றது.

கலியாணம் முடித்துப் பதினாறு வருடம். இரண்டு தரம் பிள்ளை தங்கி, இரண்டு தரமும் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே வீட்டு வேலை மாதிரி ஆகிவிட்டது. அவள் தையல் மெசினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பாள், ஏழு ஆடுகள் வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் பிறகு தேத்தண்ணிப் போத்தலோடு கரைக்கு வருவாள். சுபேசன் நல்ல தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நீட்ட, அவள் தன் கையில் இருந்து கழற்றி அவனுடைய கையில் கட்டுவாள். பக்கத்து வள்ளத்து இன்னாசித்தம்பி அண்ணை, இவன் ஒவ்வொரு நாளும் மோதிரம் மாற்றுகிறான், எங்களுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது என்று பகிடி பண்ணுவார். யூலியட் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம், சுபேசன் சோற்றில் கை வைத்திருந்தபோது மணிக்கூடு அவனுடைய கையில் அதிர்ந்தது. போனில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி. யூலியட் எடுத்து வாசித்தாள். உங்களுடைய துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதாகத் தெரிகிறது, வைத்தியரிடம் காட்டுங்கள். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். தன் கோப்பையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு அவனுடைய முகத்தையே பார்த்தாள். போன் அடித்தது. மிரோஜன்.

மூன்று நாள் கழித்து இருவரும் விடியப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார்கள். மிரோஜன் ஒரு தனியார் வைத்தியரிடம் நேரம் எடுத்து வைத்திருந்தான். நெஞ்சில் வயர் ஒட்டித் துடிப்பை எடுத்தார்கள், ஸ்கான் பண்ணினார்கள், இருபத்துநாலு மணித்தியாலம் உடம்பில் ஒட்டி வைக்கிற மெசின் ஒன்றையும் ஒட்டி அனுப்பினார்கள். அவர்கள் ஒரு இரவு சொந்தக்காரர் வீட்டில் நின்றுவிட்டுத் திரும்பவும் போனபோது, வைத்தியர் தாள்களைப் புரட்டிவிட்டு, உங்களுடைய நெஞ்சில் ஒரு பிழையும் இல்லை என்றார். மிரோஜன் போனுக்குள் இருந்து விடாமல் கேள்வி கேட்டான். வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். இந்த மணிக்கூடு ஒழுங்கில்லாத துடிப்பைச் சில வேளை நன்றாகவே பிடிக்கும். சில வேளை கை ஆடினாலும் பிழையாகச் சொல்லும். மாரடைப்பை இதனால் பிடிக்க ஏலாது. நெஞ்சு நொந்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஓடி வரவேணும். பிறகு சுபேசனைப் பார்த்துக் கேட்டார்.

"மணிக்கூடு எப்பவும் உங்கடை கையிலைதானே இருக்கிறது?"

தம்பியின் முகம் போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. யூலியட் மடியில் இருந்த பையின் வாரைச் சரிசெய்தாள்.

"ஓம்," என்றான் சுபேசன்.

அந்த ஒரு சொல்லை அவன் பிறகு எத்தனையோ தரம் நினைத்தான். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. இவ்வளவு ஆசையாக வாங்கித் தந்த பொருளை நான் கட்டுவதில்லை என்று அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதத்துக்கு முன் அது இன்னும் ஆறு தரம் அதிர்ந்தது. எல்லாம் மத்தியானத்தில், அவனுடைய கையில். மிரோஜன் தன் போனில் வருவதை எல்லாம் கூட்டிப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே வருவதில்லை. அன்றைக்கு ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. சுபேசன் விடியப் பூசைக்குப் போய் வந்து வீட்டில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுடைய நெஞ்சு நல்ல பிள்ளை என்று தம்பி பகிடியாகச் சொன்னான். பிறகு பகிடி இல்லாமல் சொன்னான்: தொழில்தான் உங்களைக் கொல்லுகிறது, பாரம் இழுப்பதைக் குறையுங்கள்.

தொழிலை விட ஏலாது. ஆகவே யூலியட் வீட்டைத் தன் தலையில் எடுத்துக்கொண்டாள். தெருமுனைக் குழாயில் இருந்து குடிதண்ணீர்க் கான்களைத் தூக்குவது, ஆட்டுக்குக் குழை வெட்டிக் கட்டி வருவது, காய்ந்த வலையைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் போடுவது, எல்லாம் அவள். சுபேசன் எழும்பினால் கதிரையைக் காட்டுவாள். அவன் பார்க்காத நேரத்தில் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்காக அவன் கடலில் நிற்கும்போதே எல்லாவற்றையும் செய்தாள். சில நாட்களில் தண்ணீர்க் கானைப் பாதி வழியில் வைத்துவிட்டு வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அயலில் இருக்கும் அன்னமுத்து அக்கா கண்டு கேட்டிருக்கிறா. உடம்பு வைத்துவிட்டது அக்கா, அதுதான் மூச்சு வாங்குது என்று யூலியட் சொன்னாளாம்.

ஒரு நாள் கரையில் மணிக்கூட்டை மாற்றும்போது அவள் அதைக் கட்டாமல் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது நான் போட்டிருக்கேக்கை பிடிச்சதோ தெரியாது."

"உமக்கு என்ன? நீர் நெடுந்தீவுக் காட்டுக் குதிரை," என்றான் சுபேசன்.

இன்னாசித்தம்பி அண்ணை பெரிதாகச் சிரித்தார். யூலியட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்றாவது ஓட்டையில் கட்டிவிட்டாள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அது. சோளகக் காற்று பலமாக அடித்தபடியால் சுபேசன் தூரம் போகாமல், கரையோடு போட்டிருந்த வலையை மட்டும் தூக்கிக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பினான். யூலியட் கரையில் இல்லை. மாப்பிள்ளை நிற்கிறார், பொம்பிளையைக் காணவில்லை என்றார் இன்னாசித்தம்பி அண்ணை. சுபேசன் மீனைப் பெட்டியில் போட்டான், வலையைக் கழுவினான், பத்து நிமிடம் காத்திருந்தான். பிறகு வீட்டுக்கு நடந்தான்.

குசினி வாசலில் தண்ணீர்க் கான் சரிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவனைக் கண்டதும் அந்தக் கண் அசைந்தது, வாயின் ஒரு பக்கம் எழும்பியது, மற்றப் பக்கம் எழும்பவில்லை. அவள் ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை. வலது கையை அவன் தூக்கினான். விட்டதும் அது ஈரச் சீலைபோல விழுந்தது. இடது கையில் மணிக்கூட்டின் பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது.

அன்னமுத்து அக்காவின் மகனுடைய ஓட்டோவில் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளம் வைத்தியர் ஒருவர் நின்றார். பார்த்த உடனேயே, மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்திருக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேணும் என்றார். காற்றால் அன்று பயணிகள் படகு ஓடவில்லை. கடற்படையிடம் படகு கேட்டாயிற்று, அலையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்றார். சுபேசன் தன்னுடைய வள்ளத்தில் கொண்டுபோகிறேன் என்றான். இந்தக் கடலில் நான் எத்தனையோ தரம் போய் வந்தவன் என்றான்.

"நடுக்கடலிலை அவ சத்தி எடுத்து மூச்சு அடைச்சால் என்ன செய்வியள், அண்ணை?"

சுபேசன் கடலைப் பார்த்தான். வைத்தியரும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று சுபேசன் வீட்டில் இருந்து எடுத்து வந்த நல்ல போனில் டேட்டாவைப் போட்டான். எண்ணை அழுத்த முன்னமே அது அடித்தது. பாரிசில் அப்போது காலை எட்டு மணியும் ஆகவில்லை.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? உங்கடை துடிப்பு நூற்றிநாற்பத்தைஞ்சு காட்டுது. நடக்காதேங்கோ. எங்கையாவது இருங்கோ. அண்ணியிட்டைப் போனைக் குடுங்கோ."

சுபேசன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். யூலியட்டின் கையில் மணிக்கூடு நூற்றிநாற்பத்தைந்து என்றது. பிறகு நூற்றிப்பத்து. பிறகு நூற்றைம்பத்திரண்டு.

"மிரோஜன், அது என்ரை நெஞ்சு இல்லையடா."

சுபேசன் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடிய, மிரோஜன் மெதுவாகக் கேட்டான், மணிக்கூடு எப்படி அண்ணியின் கையில். அதற்குள் மிரோஜன் அடுத்ததாகச் சொன்ன ஒரு சொல் சுபேசனைப் பிடித்துக்கொண்டது. துடிப்பு முந்தி வந்த மாதிரியேதான் தாறுமாறாக இருக்கிறது என்றான் மிரோஜன். முந்தி வந்த மாதிரியே.

"முந்தி வந்தது எல்லாம் எத்தினை மணிக்குப் பிடிச்சது எண்டு அதிலை இருக்கோ?"

இருந்தது. செய்தி மத்தியானத்தில் வந்தாலும், துடிப்பைப் பிடித்த நேரம் உள்ளே ஒரு பக்கத்தில் இருந்தது. அவர்கள் இருவரும் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மிரோஜன் ஒவ்வொன்றாக வாசித்தான். வைகாசி பதினாலு, காலை ஐந்து நாற்பது. ஆறு பத்து. எட்டு இருபது. ஏழு ஐந்து. அவனுடைய குரல் நாலாவதில் தளர்ந்தது. ஏழையும் வாசித்து முடித்தான். ஏழு நேரமும் சுபேசன் கடலில் நின்ற நேரம். ஏழு நேரமும் ஆறாவது ஓட்டை.

"அண்ணி ஏன் அண்ணை அதைப் போட்டவ?"

"நீ பயப்பிடக்கூடாது எண்டு."

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

படகு வந்தபோது பன்னிரண்டு பத்து. தூக்குப் படுக்கையை நாலு பேர் அலைக்குள் நின்று ஏற்றினார்கள். சுபேசனையும் ஒரு தாதியையும் ஏற்றினார்கள். அவன் பதினைந்து வயதில் இருந்து இந்தக் கடலில் நிற்பவன். எந்த இடத்தில் அலை எழும்பும், எந்த இடத்தில் அடியில் கல்லுப் பார் இருக்கிறது, எந்த இடத்தில் எஞ்சினைக் குறைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அந்தப் படகில் அவனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அவளுடைய தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தான். ஒவ்வொரு அலைக்கும் அவளுடைய கண் அவனுடைய முகத்துக்கு வந்தது. பயப்பட வேண்டாம், அந்தா புங்குடுதீவு தெரிகிறது என்றான். இன்னும் தெரியவில்லை.

மணிக்கூடு எண்ணிக்கொண்டே இருந்தது. நூற்றிமுப்பது. தொண்ணூற்றெட்டு. நூற்றைம்பது. எண்ணுவதைத் தவிர அதற்கும் வேறு வேலை தெரியாது. பாதிக் கடலில் போனில் சிக்னல் போனது. அங்கே பாரிசில் தம்பியின் கையில் கடைசியாக வந்த எண் ஒன்று அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று சுபேசன் நினைத்தான். அது என்ன எண் என்று தெரியாது.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. பாலங்களைத் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர இரண்டு பத்து. அங்கே கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு இப்படி வந்தது என்பதுதான். தெரியாது, நான் நாலு மணிக்குப் போகும்போது நன்றாக இருந்தா, பத்தரைக்குத்தான் கண்டேன் என்றான் சுபேசன். எழுதிக்கொண்டிருந்த வைத்தியை அவனுடைய கையில் இருந்த போனைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் தாதிமார் யூலியட்டின் நகைகளையும் மணிக்கூட்டையும் கழற்றிக் கொண்டிருந்தார்கள். இதிலே நடந்த காலடிகள் பதியுமே, பார்ப்போம் என்றார் வைத்தியை. பார்த்தார்கள். ஏழு முப்பத்தெட்டில் இருந்து ஏழு ஐம்பதுவரை முன்னூற்றுச் சொச்சம் காலடி. குழாயில் இருந்து வீடு. ஏழு ஐம்பதுக்குப் பிறகு ஒரு காலடியும் இல்லை.

"இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள்ளை குடுக்கவேணும்," என்றார் வைத்தியை. "இப்ப ஆறு மணித்தியாலத்துக்கு மேலை."

மணிக்கூடு அதையும் சரியாகச் சொல்லிவிட்டது.

நாலு மணிக்குப் பிறகு வைத்தியை திரும்பி வந்தார். ஸ்கான் எடுத்தாயிற்று. உயிருக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். பேச்சு வருமா, வலது பக்கம் வருமா என்பது இப்போது சொல்ல ஏலாது. நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப் பல வருடம் இருக்கும். அதனால்தான் துடிப்பு தாறுமாறாகி, இரத்தம் உள்ளே தேங்கிக் கட்டியாகி, ஒரு கட்டி மூளைக்குப் போயிருக்கிறது. சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். சுபேசனுக்கு நினைவு வந்தது. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில் ஒரு மாதம் நடக்க ஏலாமல் கிடந்தேன் என்று அவள் ஒரு தரம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அண்ணன்மார் தூக்கிக்கொண்டு திரிந்தார்களாம், மகாராணி மாதிரி இருந்ததாம். மூச்சு வாங்குவதாகச் சொல்லவில்லையா, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லவில்லையா என்று வைத்தியை கேட்டார். சுபேசன் போனைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினான். ஏழு நாள், ஏழு நேரம்.

அவர் மேலே இருந்து கீழேவரை பார்த்தார். பிறகு, இது சரியாகத்தான் பிடித்திருக்கிறது என்றார். ஏன் ஒருவருக்கும் காட்டவில்லை என்று கேட்கத் தொடங்கி, போனுக்கு மேலே எழுதியிருந்த பெயரைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சுபேசன் என்று இருந்தது.

"காட்டினனான்," என்றான் அவன். "என்ரை நெஞ்சைக் காட்டினனான்."

வைத்தியை போன பிறகு அவன் சுவரோடு இருந்த வாங்கில் இருந்தான். போன் அதிர்ந்தது. மிரோஜன் எழுதியிருந்தான்.

"இப்ப எழுபத்தாறு காட்டுது அண்ணை. ஒழுங்கா அடிக்குது. ஒரு மணித்தியாலமா ஒரு பிழையும் இல்லை. அண்ணி தப்பிட்டா. மாதா கைவிடேல்லை."

சுபேசன் தன் இடது கையைப் பார்த்தான். தாதி ஒரு பொலித்தீன் பையில் அவளுடைய சங்கிலியையும் தோட்டையும் மணிக்கூட்டையும் தந்திருந்தா. பையை அவன் சட்டைப் பைக்குள் வைத்தது நினைவிருக்கிறது. மணிக்கூட்டைக் கட்டியது நினைவில்லை. மூன்று மாதமாக அவள் கழற்றியதும் நீட்டிப் பழகிய கையில் அது தானாகவே ஏறியிருந்தது. மூன்றாவது ஓட்டையில். எழுபத்தாறு. எழுபத்தைந்து. எழுபத்தாறு. ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தான். தம்பி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

ஐந்து மணிக்கு உள்ளே விட்டார்கள். அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். கூந்தலை யாரோ பின்னிக் கட்டியிருந்தார்கள், அவள் கட்டுவதைப் போல இல்லை. அவன் கட்டிலின் இடது பக்கம் போய் நின்று அவளுடைய கையைப் பிடித்தான். அந்தக் கையில் பலம் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் வந்தது, இன்னொரு தரமும் அதே சத்தம். தனக்கே அது சரியில்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தால் தண்ணீர் இறங்கியது. பிறகு விரல்களால் அவனுடைய மணிக்கட்டைத் தடவி, பட்டியின் கொளுவியைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டாள்.

கழற்றச் சொல்கிறாளா, கழற்ற வேண்டாம் என்கிறாளா, இது கடலுக்குப் போகிற நேரம் என்று நினைக்கிறாளா, அவனுக்குத் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் அவள் நினைப்பது அவனுக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தரம் என்று அவன் நினைத்தான். உடனே, அது முதல் தரம் இல்லை என்பதும் தெரிந்தது.

மணிக்கூட்டைக் கழற்றினான். சேலைன் ஊசி ஒட்டியிருந்த இடத்தை விலக்கி, அவளுடைய மணிக்கட்டில் சுற்றி, ஆறாவது ஓட்டையில் கொளுவினான். பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் தேடியது. தொண்ணூற்றிரண்டு. நூற்றிருபத்தாறு. எண்பத்தெட்டு.

போன் அதிர்ந்தது.

"அண்ணை, திரும்பவும் குழம்புது. என்ன நடந்தது? இது ஆரின்ரை?"

சுபேசன் ஒரு விரலால் எழுத்தெழுத்தாக அழுத்தினான். "இது யூலியட்டின்ரை. முந்தினது என்ரை."

வாசித்துவிட்டான் என்பதற்கு நீல அடையாளம் விழுந்தது.

பார்வையாளர்களைப் போகச் சொல்லி ஒரு தாதி கட்டில் கட்டிலாக வந்தா. யூலியட் மணிக்கூட்டைக் கழற்றுவதற்குக் கையைத் தூக்கித் தந்தாள், கரையில் மாற்றுகிற நேரம் போலவே. அவன் அந்தக் கையை மெதுவாக மடித்து அவளுடைய நெஞ்சின் மேல் வைத்தான்.

"நீர் போட்டிரும். இது உம்மடை."

வெளியே வாங்கில் இருந்து போனைப் பார்த்தான். எண் ஏறி இறங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு மூலையில், சின்னதாகச் சிவப்பில், மணிக்கூட்டின் பற்றரி ஒன்பது வீதம் என்று இருந்தது. அதன் சார்ஜர் நெடுந்தீவில், அலுமாரிக்கு மேலே, தையல் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. காற்று இன்னும் அடங்கவில்லை என்று அன்னமுத்து அக்கா சற்று முன்தான் சொல்லியிருந்தா. நாளைக்கும் படகு ஓடாதாம்.

எட்டு வீதம் ஆனது. பாரிசில் தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.